அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

இந்த வேலையில் நான் செய்த முதல் பெரிய தப்பு, ஆடு வளர்த்துப் பிழைத்த ஒருவரை ஒன்பது ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆசிரியர் ஆக்கியது.

நீங்கள் எல்லாரும் ரெஃபரன்ஸ் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள். மற்ற செக்‌ஷனில் போட்டிருக்கக் கூடாதா என்று உங்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் நினைத்தேன். நம் கம்பெனி அப்போது கீழ்த்தளத்தில் காலண்டரும் டைரியும் அடித்துக்கொண்டிருந்தது. மாடியில் பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் போட்டு, வெளியூர் ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். கீழே சீசன் வேலை நடக்கும்போது மாடித் தரை அதிரும். ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்கு பஸ் பிடித்து வந்து, அந்த அதிர்வுக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டுரைகளின் கடைசியில் வரும் நூற்பட்டியலைச் சரிபார்ப்பது என் வேலை. யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த இதழ், எந்தப் பக்கம். ஓர் இதழ் ஆண்டை அடைப்புக்குறிக்குள் கேட்கும். இன்னோர் இதழ் கடைசியில் கேட்கும். எந்த இதழுக்கு எது என்ற விதிகள் ஸ்டைல் கைடு என்ற புத்தகத்தில் இருக்கும். அந்த மாடியில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

ஆடு வளர்த்தவர் கதைக்கு வருகிறேன். ஒரு கல்லூரிப் பேராசிரியரின் கட்டுரை வந்தது. அவர் தாம் முன்பு எழுதியவற்றையும் பட்டியலில் சேர்த்திருந்தார். சிலவற்றில் ‘கண்ணன் ப.’ என்று இருந்தது. சிலவற்றில் ‘பரமசிவம் க.’ என்று இருந்தது. எல்லாம் ஒரே ஆள்தான், ஒழுங்குபடுத்த வேண்டியது என் பொறுப்பு. குடும்பப் பெயர் முதலில் வரவேண்டும் என்பது அந்த இதழின் விதி. நம் ஊரில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? நீளமாக இருக்கிறதே என்று பரமசிவத்தை எடுத்து, ஒன்பது இடத்திலும் அப்படியே போட்டுவிட்டேன்.

இதழ் வெளிவந்த பிறகு அந்தப் பேராசிரியர் எப்படியோ நம் ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்.

“மேடம், பரமசிவம்ங்கிறது எங்கப்பா. ஆடு வளக்குறாரு.”

“சார், மன்னிச்சிருங்க.”

“அது கிடக்கட்டும். தாளை அவருகிட்ட காமிச்சேன். தன் பேரை ஒம்பது தடவை எண்ணிப் பாத்துட்டு, ‘நான் இம்புட்டு எழுதிருக்கேனா’ன்னு ஒரே சிரிப்பு. பிரேம் போட்டு மாட்டணும்ங்காரு. ஆனா நெட்டுல மாத்திக் குடுத்துருங்க மேடம், எனக்கு புரமோசன் வரணும்ல.”

திருத்தம் போட்டோம். அதிலிருந்து, நம் பக்கத்துப் பெயர் எது வந்தாலும் ஒரு நிமிடம் நிறுத்தி, இதில் யார் மகன் யார் அப்பா என்று யோசிக்கப் பழகிக்கொண்டேன். பட்டியலில் இருப்பவை எழுத்துகள் அல்ல, ஆட்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அது புரியவே இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தக் கதையைத்தான். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டே சொல்கிறேன். மாற்ற வேண்டிய சிலதை மாற்றியிருக்கிறேன்.

ரிட்டையர் ஆவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, செவிலியர் ஆய்விதழ் ஒன்றுக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் விருதுநகரில் ஒரு நர்சிங் கல்லூரி டீச்சர். ஷீலா என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாசு யூனிட்டுகளில் தீக்காயம் பட்ட தொழிலாளிகள் எவ்வளவு நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அதுவரை காயத்தில் என்னத்தைத் தடவுகிறார்கள் என்பது பற்றிய கட்டுரை. எங்கெங்கோ இருக்கும் ஊர்களைப் பற்றிய கட்டுரைகளையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, வேலையாட்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேனும் கரிசல் காடும் பக்கத்து ஊர்ப் பெயர்களும் ஆங்கிலத்தில் வந்து நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. செக்‌ஷனே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தது.

அதில் ஒரு வாக்கியம் இருந்தது. ஒரு யூனிட்டைச் சேர்ந்த, கையில் காயம் பட்ட பெண்ணிடம், ‘வீட்டில் அடுப்படியில் சுட்டுக்கொண்டது’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார்கள் என்று. அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘நேரில் சொன்ன தகவல்’ என்று மட்டும் போட்டிருந்தார் ஷீலா.

நேரில் சொன்ன தகவல் என்றால் சொன்னவர் பெயரும் சொன்ன தேதியும் வேண்டும். விதி அது. நான் தயங்கவே இல்லை. ‘சொன்னவரின் பெயரையும் தேதியையும் தரவும்’ என்று கட்டுரையாளருக்கு ஒரு கேள்விக் குறிப்பு போட்டேன். அந்த மாதிரிக் குறிப்புகள் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது போடுவேன். பதிப்பகம் வழியாகக் குறிப்பு கையில் கிடைத்த அன்றே ஷீலா பதில் எழுதிவிட்டார். பெயர், தேதி, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் ஊர், யூனிட்டில் அவர் செய்யும் வேலை எல்லாவற்றையும் எழுதியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லும் கட்டுரையாளர்கள் அபூர்வம். பெயர், ஊர், தேதி மூன்றையும் சந்தோஷமாக எடுத்து அடைப்புக்குறிக்குள் பொருத்தி, புள்ளி, கமா எல்லாம் சரிபார்த்து அனுப்பிவிட்டேன்.

அந்தப் பெயரை நான் இங்கே சொல்ல மாட்டேன்.

நாலு நாள் கழித்துப் பக்கம் அமைத்த கடைசிப் புரூஃப் வந்தது. மாலை ஐந்து மணிக்கு அந்த இதழ் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். அந்தப் பெயர் வரியின் ஓரத்தில் வந்து, பாதி இந்த வரியிலும் பாதி அடுத்த வரியிலுமாக முறிந்திருந்தது. மென்பொருளுக்கு நம் பெயர்களை எங்கே முறிப்பது என்று தெரியாது, தப்பான இடத்தில் வெட்டும். நான் எப்போதும் செய்வதுபோல வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், அசை எங்கே பிரிகிறது என்று. இரண்டு தடவை சொன்னேன். ஊரோடு சேர்த்து மூன்றாவது தடவை.

பக்கத்து சீட்டில் முத்துலட்சுமி. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பெண்தான். கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்:

“யாருக்கா அது? எங்க சித்தி ஊருல அந்தப் பேருல ஒரு அக்கா இருக்காக. கை வெந்து போயி ரெண்டு மாசம் வீட்டுல இருந்தாக, பாவம்.”

அவள் என் பக்கம் திரும்பி, திரையைப் பார்த்தாள். படித்தாள். ஆங்கிலம் நன்றாகப் படிப்பாள்.

“அடுப்படியில சுட்டுக்கிட்டாகன்னுல்ல சொன்னாக?” என்றாள். பிறகு குரலை இறக்கி, “அப்ப அது அடுப்படி இல்லியாக்கா?”

எனக்குப் பிறகு, அந்த வரியைப் பெயரோடு படித்த முதல் ஆள் அவள். ஒரு நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஸ்டைல் கைடை எடுத்துப் புரட்டினேன். நேரில் சொன்ன தகவலுக்கான விதி இருந்த அதே பக்கத்தில், நான் பார்த்த வரிக்கு நாலு வரி கீழே, அதுவும் இருந்தது. ஆய்வுக்காகப் பேட்டி கொடுத்தவர்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவர்களை அடையாளம் காட்டக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த வருடம் படித்த வரிதான். ஒரு பேராசிரியர் இன்னொரு பேராசிரியரிடம் போனில் கேட்டுச் சொல்லும் தகவலுக்கான அடைப்புக்குறியில், தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறேன். ஷீலா டீச்சர் பெயரில்லாமல்தான் அனுப்பியிருந்தார். பெயரைக் கேட்டு வாங்கியவள் நான்.

“முத்து,” என்றேன்.

“நான் எதையும் பாக்கலக்கா,” என்று அவள் தன் திரைக்குத் திரும்பிவிட்டாள். இன்றுவரை அவள் வாயிலிருந்து அது வெளியே போகவில்லை.

மேனேஜரிடம் போனேன். நல்ல மனுஷர். ஆனால் அந்த மாதம் இரண்டு இதழ்கள் தாமதமாகி, பதிப்பகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சார், இந்த இதழை இன்னைக்கு அனுப்ப வேண்டாம்.”

“ஏன், ரெஃபரன்ஸ்ல என்ன? கமா விட்டுப்போச்சா?”

“இல்ல சார். ஒரு ஆளு மாட்டிக்கிருவாக.”

புரூஃபை அவர் மேஜையில் வைத்து, விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேரை எடுத்துட்டு அனுப்பிருங்களேன்.”

“கட்டுரையாளர் எழுதிக் குடுத்ததை நாமளா எடுக்க முடியுமா? அவங்க ஒத்துக்கணும். எதுக்குப் பேரைக் குடுத்தாங்கன்னும் தெரியல.”

“கேள்விக் குறிப்பு போட்டு அனுப்புங்க. பதிப்பகம் வழியாப் போகட்டும்.”

“அது போயி வர மூணு நாளாகும் சார். நான் நேரா போன்ல பேசிக்கிறேன்.”

கட்டுரையாளரிடம் நாம் நேரடியாகப் பேசக் கூடாது. உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நல்ல விதிதான், காரணம் இருக்கிறது. அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் சர்வர் வேலை செய்யலன்னு சொல்றேன். நீங்க யாருக்குப் போன் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியாது.”

கட்டுரையின் முதல் பக்கத்தில் ஷீலாவின் நம்பர் இருந்தது. மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். வகுப்பை விட்டு வெளியே வந்து பேசினார். சின்னக் குரல்.

“மேடம், பேரைப் போடச் சொன்னதே அவங்கதான்.”

“யாரு, அந்த அம்மாவா?”

“ஆமா. யார் பேரும் வராதுன்னு கல்லூரிக் கமிட்டிக்கு எழுதிக் குடுத்துத்தான் பேட்டி எடுக்கப் போனேன். எல்லார்ட்டயும் அதைச் சொல்லிட்டுத்தான் கேட்டேன். இவங்க மட்டும் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘எம் பேரைப் போட்டே ஆகணும் டீச்சர்’னாங்க. முடியாதுன்னுதான் பேரில்லாம அனுப்புனேன். நீங்க கேட்டதும்… இதழே கேக்குதே, அவங்க ஆசையும் நடக்கட்டும்னு எழுதிட்டேன்.”

இப்போது என்ன செய்வது? தெரியாமல் நடந்த தப்பு என்றால் எடுத்துவிடலாம். சம்பந்தப்பட்டவரே போடு என்று சொல்லியிருக்கிறார். ஆபத்து என்று நானாக முடிவு பண்ணி எடுத்தால், அவரை அடுப்படி என்று சொல்லச் சொன்னவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போடு என்று அவர் சொன்னபோது, எங்கே போடுகிறார்கள், யார் கண்ணில் படும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

“நேர்ல போய்க் கேட்டுருவோம் டீச்சர்,” என்றேன்.

சாயங்காலம் நான் சிவகாசியிலிருந்தும் ஷீலா சாத்தூர் வழியாகவும் போய்ச் சேர்ந்தோம். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும் ஷீலாவுக்கு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அழுதுவிடுகிற முகம். “காயத்தைப் பார்க்க முன்னாலயும் ரெண்டு தடவை வந்திருக்கேன் மேடம், அதனால யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க,” என்றார். அந்தப் புத்தி அவருக்கு இருந்தது. வேன் நிற்கிற இடத்துக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போனோம்.

அந்த அம்மாவின் மருமகள்தான் கதவைத் திறந்தாள். ஒல்லியான பெண், ஏதோ டிகிரி முடித்தவள். எங்களை உள்ளே உட்கார வைத்து ஃபேனைப் போட்டாள். சற்று நேரத்தில் அந்த அம்மா வேனை விட்டு இறங்கி வந்தார். முழங்கை வரை வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்துப் பொடி. எங்களைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு. “வாங்க டீச்சர், வாங்க. எப்ப வந்தீக? காப்பி குடிச்சீகளா?” என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய் உடம்பைக் கழுவிவிட்டு வந்தார். ஒரு கையில் தோல் பளபளவென்று இறுகிப் போயிருந்தது. விரலை முழுவதும் மடக்க முடியவில்லை.

நான் யார் என்று சொன்னேன். என்ன வேலை செய்கிறேன் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. “ஒருத்தர் ஒண்ணு எழுதுனா, அதை யாரு சொன்னா, எங்க இருக்குன்னு சரியாப் போட்டிருக்கான்னு பாக்குற வேலை,” என்றேன்.

“நல்ல வேலைதான்,” என்றார். “எம் பேரு வந்துருச்சா?”

“நாளைக்கு வரப்போகுது. அதைக் கேக்கத்தான் வந்தோம். எதுக்குப் போடச் சொன்னீக?”

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

“இவ வந்து ஆறு மாசத்துல எனக்குக் கை வெந்துச்சு,” என்றார். “கம்பெனியில சொல்லச் சொன்னதை ஆஸ்பத்திரியில சொன்னேன். சீட்டுல அடுப்படின்னு எழுதுனாக. வந்து கேட்டவுகளுக்கும் அதையேதான் சொன்னேன். நமக்கு என்ன, கை ஆறுனாச் சரின்னு இருந்தேன். தெருவுல என்ன பேசுறாக தெரியுமா? மருமக வந்த வீட்டுல மாமியா அடுப்படியில வெந்தாளாம். இவ கையில பாத்திரத்தைக் குடுத்து வாங்கக்கூட யோசிக்காக. எதுத்த வீட்டுல ஒரு விசேசம். எல்லாப் பொண்ணுகளையும் காய் நறுக்கக் கூப்பிட்டாக, இவளக் கூப்பிடல. எம் பொய்யி இவ தலையில விடிஞ்சிருச்சு. அதான், அச்சுல வரட்டும், எம் பேரோட வரட்டும்னு சொன்னேன்.”

ஷீலா அழுதே விட்டார். எனக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. கோபத்தில் சொல்லியிருப்பார், இல்லை அச்சில் பெயர் வருகிற ஆசையில் சொல்லியிருப்பார் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

“தெருவுல நிசத்தைச் சொல்லிருக்கலாமே?” என்றேன்.

“மகன் அந்தக் கம்பெனி வேன்தான் ஓட்டுறான். நானாப் போயி வீடு வீடாச் சொன்னா, நாந்தான் பரப்புறேன்னு ஆயிரும்ல? அச்சுல வந்தா, அது பாட்டுக்கு வந்ததுன்னு இருக்கும்.”

அப்போதுதான் மருமகள் வாயைத் திறந்தாள். “மேடம், இந்தக் கட்டுரை இங்கிலீஷ்லதான வரும்? யாரெல்லாம் படிப்பாங்க?”

அத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நானும் கேட்டுக்கொண்டதில்லை. இருக்கிறதை இருக்கிறபடி சொன்னேன்.

“நெட்டுல இருக்கும். யார் வேணும்னாலும் படிக்கலாம். ஆனா உங்க தெருவுல ஒருத்தரும் படிக்க மாட்டாக. டாக்டருக படிப்பாக, நர்சுக படிப்பாக. அப்புறம், பட்டாசுக் கம்பெனியைப் பத்தி யாரு என்ன எழுதியிருக்கான்னு தேடுறவுக படிப்பாக. எங்க ஆபீஸ்லயே ஒரு பொண்ணு பேரைக் கேட்டதும் நீங்கதான்னு சொல்லிட்டா.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் தன் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்ப யாருக்குத் தெரியணுமோ அவுகளுக்குத் தெரியாது,” என்றார். “யாருக்குத் தெரியக் கூடாதோ அவுகளுக்குத் தெரிஞ்சிரும்.”

“ஆமா.”

“அத்தே, எனக்காகப் போட வேண்டாம்,” என்றாள் மருமகள். “காய் நறுக்கக் கூப்பிடலன்னா எனக்கென்ன? அன்னைக்கு நான் பாட்டுக்குத் தூங்குனேன்.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்புறமும் உடனே சரி என்று சொல்லவில்லை. பேர் இல்லாவிட்டால் அந்த வரியே போய்விடுமா என்று கேட்டார். போகாது, ‘ஒரு பெண் தொழிலாளி சொன்னார்’ என்று வரும், ஊர், தேதி எதுவும் வராது என்றேன். சொன்னது அப்படியே இருக்குமா, அடுப்படி என்று சொல்லச் சொன்னது? அப்படியே இருக்கும். அதை எனக்கு எழுதிக் காட்டுங்கள் என்றார். ஷீலா ஒரு தாளில் தமிழில் எழுதினார். அந்த அம்மா எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். ‘காயம் பட்ட பெண்’ என்று இருந்ததை ‘வேலை செய்யும்போது காயம் பட்ட பெண்’ என்று மாற்றச் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாத திருத்தம். முழு வாக்கியத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

“சரி, பேரை எடுத்துருங்க,” என்றார். “வந்ததும் ஒரு தாள் எனக்குக் கொண்டாந்து குடுக்கணும்.”

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குத் திருத்திய பக்கம் போனது. அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது, கட்டுரையாளரிடம் நேரடியாகப் பேசியதற்கு. மேனேஜரே கொண்டுவந்து கொடுத்தார். “பதிப்பகத்துல எப்படியோ தெரிஞ்சுபோச்சு மேடம். குடுக்காம இருக்க முடியாது. இனிமேல் செய்ய மாட்டேன்னு எழுதிக் குடுத்துருங்க.”

“செய்ய மாட்டேன்னு சொல்ல முடியாது சார்.”

“சொல்ல வேண்டாம். எழுதிக் குடுங்க போதும்.”

எழுதிக் கொடுத்தேன். அந்த மெமோ என் ஃபைலில் இன்னும் இருக்கும். விதியை மீறுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. மீறினால் மெமோவை வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்று. யாரிடமாவது ஒரு பெயரைக் கேட்டு வாங்குவதற்கு முன்னால், அந்தப் பெயர் அச்சில் வந்தால் யார் படிப்பார் என்று அந்த மருமகள் கேட்டாளே, அதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மென்பொருள் கேட்காது. இப்போது அது என்னைவிட வேகமாகக் கமா வைக்கிறது, பக்க எண்ணைச் சரிபார்க்கிறது. எனக்கு அதன்மேல் பொறாமைகூட உண்டு. ஆனால் பெயர் இல்லாத இடத்தைக் கண்டால், அன்றைக்கு நான் செய்தது போலவே, பெயர் எங்கே என்றுதான் அதுவும் கேட்கும்.

இதழ் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்த ஷீலாவும் நானும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். வேலைக்குப் போகாத நாள், வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். அந்த அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் எதிர்த்த வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். “ஏக்கா, இங்கன வந்துட்டுப் போங்க. டீச்சர் வந்திருக்காக.”

அந்த எதிர்த்த வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். பெரிய மூக்குத்தி, கனத்த உடம்பு. என்ன விஷயம் என்று தெரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“டீச்சர் நம்ம பக்கத்தைப் பத்தி ஒரு புத்தகத்துல எழுதியிருக்காக,” என்றார் அந்த அம்மா. மருமகளிடம் பிரதியை நீட்டினார். “இவதான் இங்கிலீஷ் படிச்சவ. அக்காவுக்குப் படிச்சுச் சொல்லு தாயி.”

மருமகள் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து, ஆங்கிலத்தில் ஒரு தடவை படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். வேலை செய்யும்போது கையில் தீக்காயம் பட்ட ஒரு பெண் தொழிலாளியை, வீட்டில் அடுப்படியில் சுட்டுக்கொண்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார்கள். அப்படித்தான் சீட்டிலும் எழுதினார்கள்.

“யாராம் அது?” என்றார் எதிர்த்த வீட்டு அக்கா.

“பேரு போடலயே,” என்றார் அந்த அம்மா. “யாரோ ஒருத்தி.”

கையை மடியில் வைத்திருந்தார். மறைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. எதிர்த்த வீட்டு அக்கா அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பி மருமகளைப் பார்த்தார்.

“நாளைக்குப் பேத்திக்குக் காது குத்து,” என்றார். “விடியமுன்ன அம்புட்டுக் காயும் நறுக்கணும். நீ வந்துரு தாயி.”